மதகின் சாவி

ஏரிக்கரை மடத்தில் எதற்கும் ஒரு விளக்கம் உண்டு. சோறு குழைந்தால் அதற்கு ஒரு தத்துவம் சொல்வார்கள். கூரை ஒழுகினால் அதற்கு ஒரு சூத்திரம் சொல்வார்கள். மடத்தின் தலைவி வடிவம்மை மட்டும் ஏணியை எடுத்துவரச் சொல்வார்.

வடிவம்மைக்கு வயது நாற்பதுதான். சீடர்களில் பெரும்பாலோர் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லோரும் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். தலை முழுவதும் நரைத்த தில்லைநாயகமும் அப்படித்தான்.

தில்லைநாயகம் முன்பு வழக்கறிஞராக இருந்தவர். மடத்தில் சேர வந்த அன்றே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"அம்மா, எனக்கு மனநோய் உண்டு. எப்போதாவது கிளம்பும். கிளம்பினால் தூங்க மாட்டேன், அடங்க மாட்டேன். டவுனில் டாக்டர் பார்க்கிறார். தினமும் மாத்திரை."

"மாத்திரை கஞ்சிக்கு முன்னாலா, பின்னாலா?"

"பின்னால்."

"சரி. உங்களுக்குக் கஞ்சியைச் சீக்கிரம் தரச் சொல்கிறேன்."

அவ்வளவுதான். வேறு தீட்சை எதுவும் நடக்கவில்லை.

அவருக்கு மதகுப் பணி கிடைத்தது. ஏரிக்கு ஒரே மதகு. அதன் சாவி தலைமுறை தலைமுறையாக மடத்தில் இருந்தது. சாவி என்றால் இடுப்பில் செருகிக்கொள்ளும் சாமான் அல்ல. கை நீளத்துக்கு ஒரு இரும்புத் தண்டு, அதன் தலையில் குறுக்காக ஒரு பிடி. மதகுமேல் இருக்கும் திருகில் மாட்டிச் சுற்றினால், கீழே பலகை உயர்ந்து தண்ணீர் போகும். இன்றைக்கு இன்னார் வயல், நாளைக்கு இன்னார் வயல் என்று முறை வைத்துத் தண்ணீர் விட வேண்டும். தில்லைநாயகம் முறை தவறியதில்லை. நீதிமன்றத்தில் ஆயுள் முழுவதும் வாய்தா வாங்கியவர், மதகில் ஒரு முறையைக்கூட ஒத்திவைக்கவில்லை.

ஒருமுறை வடிவம்மை வெளியூர் மடம் ஒன்றுக்குப் போயிருந்தார். அப்போதுதான் அது நடந்தது.

முதலில் தில்லைநாயகம் தூங்குவதை விட்டார். பிறகு பாட்டுக் கட்டத் தொடங்கினார். பாட்டுகள் நன்றாகவும் இருந்தன. சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது. மோசமான பாட்டாக இருந்திருந்தால் யாராவது அவரைப் படுக்கச் சொல்லியிருப்பார்கள்.

மடத்தில் சபாபதி என்று ஒரு சீடர் இருந்தார். அவர் படிக்காத நூல் இல்லை. படித்ததைச் சொல்லாமல் விட்டதும் இல்லை. அவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"ஞானி குழந்தையைப் போல இருப்பார், பித்தரைப் போல இருப்பார், பேயைப் போல இருப்பார் என்று சாத்திரம் சொல்கிறது. நாயகத்தைப் பாருங்கள். மூன்றும் பொருந்துகின்றன."

சாத்திரம் அப்படிச் சொல்வது உண்மை. ஞானி பித்தரைப் போல இருக்கலாம். ஆனால் பித்தரைப் போல இருப்பவரெல்லாம் ஞானி என்று அது சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு என்பது தருக்கத்தில் முதல் பாடம். சபாபதி தருக்கமும் படித்தவர்தான். அந்த நூல் வேறு அலமாரியில் இருந்தது.

தில்லைநாயகத்துக்கு மாலை போட்டார்கள். ஒருவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். இன்னொருவர், "சாமி தூங்குவதே இல்லையே," என்றார்.

"விழித்துக்கொண்டவனுக்கு எதற்குத் தூக்கம்?" என்றார் தில்லைநாயகம்.

எல்லோரும் மெய்ம்மறந்து தலையாட்டினார்கள்.

ஒரு நாள் வெயில் ஏறும் நேரத்தில் தில்லைநாயகம் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

"அருளுக்கு முறை உண்டா? இவருக்கு இன்றைக்கு, அவருக்கு நாளைக்கு என்று மழை கணக்குப் பார்க்கிறதா?"

சீடர்கள் தாளம் போட்டுக்கொண்டு பின்னால் போனார்கள். திருகு அதற்குமேல் சுற்றாது என்கிற மட்டும் சுற்றினார். தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. சபாபதியின் கண்கள் பனித்தன. இதுதான் அருள்வெள்ளம் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

மதகுக்குக் கீழே முதல் வயல் காத்தாயியுடையது. வயலின் ஓரத்தில் நாற்றங்கால். பாட்டு முடிந்தபோது நாற்றங்கால் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது.

காத்தாயி அந்த ஊரில் பேச்சுக்குப் பேர்போனவள். மற்றவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் அவள் இன்னொரு விஷயத்தைத் தொடங்கியிருப்பாள். அன்றைக்குப் பேசவில்லை. வரப்பு வழியாக ஓடிவந்தாள். வழியில் நின்ற சபாபதியைத் தள்ளினாள். திருகில் இருந்த சாவியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகை எதிர்ப்பக்கம் சுற்றினாள். தண்ணீரின் வேகத்தில் பலகை இறங்கவில்லை.

"தாளம் போட்ட கைய இதுலயும் கொஞ்சம் வைங்க சாமிகளா," என்றாள்.

அப்புறம்தான் மதகு மூடியது.

ஆள் அனுப்பினார்கள். வடிவம்மை வந்தார். தில்லைநாயகத்தின் கழுத்திலிருந்து மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவைத்து டவுனுக்குக் கூட்டிப்போனார். வழி நெடுக தில்லைநாயகம் பாடினார். வடிவம்மை அவர் கையை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பி வந்த தில்லைநாயகம் இளைத்திருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வடிவம்மை ஏணிமேல் நின்று உடைந்த ஓடுகளை மாற்றிக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் ஏணிக்குக் கீழே வந்து நின்றார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"ஓட்டைக் கொடுத்துக்கொண்டே கேளுங்கள்."

"மதகைத் திறந்தது நானா, நோயா?"

"தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்?"

"நான் என்றால் எனக்கு இங்கே இடம் இல்லை. இன்றே போய்விடுகிறேன். நோய் என்றால் என்மேல் குற்றம் இல்லை. சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. சித்தம் கலங்கியவன் செய்ததை அவன் தலையில் கட்ட மாட்டார்கள்."

"பாட்டு?"

"எந்தப் பாட்டு?"

"அதே நாட்களில் கட்டியது. நன்றாக இருந்ததாமே. அதைக் கட்டியது யார்?"

தில்லைநாயகம் கையில் ஓட்டை வைத்துக்கொண்டு நின்றார்.

"அது நான் என்றுதான் நினைத்திருந்தேன்," என்றார்.

"பாட்டு உங்களுக்கு, வெள்ளம் நோய்க்கு. இந்தப் பாகப்பிரிவினையில் நோய்க்கு நல்ல வக்கீல் கிடைக்கவில்லை போலிருக்கிறது."

"அப்படியென்றால் பாட்டையும் விட்டுவிடுகிறேன்."

"நல்ல பாட்டை எதற்கு விட வேண்டும்? அடுத்த ஓடு."

சபாபதி அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தார். இந்த மாதிரிப் பேச்சு நடக்கும்போது அவர் எப்போதும் அந்தப் பக்கமாகத்தான் வருவார்.

"அம்மா, குறுக்கிடுவதாக நினைக்க வேண்டாம். கேள்வியே பிழை. செய்பவன் என்று ஒருவனும் இல்லை என்பது முடிந்த முடிபு. திறந்தவனும் இல்லை, திறக்கப்பட்டதும் இல்லை."

"அடித்துக்கொண்டு போன நாற்று?"

"அதுவும் தோற்றம்தான்."

"தோற்றமா?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. காத்தாயி உள்ளே வந்தாள். "தோத்தத்துக்கா சாமி நான் வெதைய ஊறவச்சு மொளைகட்டி தெளிச்சு காக்கா கொருவி வெரட்டி மேலு கருத்துப் போய்க் கெடந்தேன், தோத்தத்துக்கா எங்க வீட்டுக்காரரு ஏர் ஓட்டி இடுப்பப் புடிச்சிக்கிட்டு படுத்திருக்காரு, தோத்தம்னு முன்னாடியே சொல்லியிருந்தா நானும் உங்களாட்டம் தாளம் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்ல."

சபாபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இடம் கிடைக்கவில்லை.

"வாங்க அக்கா," என்றார் வடிவம்மை ஏணியிலிருந்து. "குற்றம் யாருடையது என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

"அத வச்சு நான் என்ன தாயி பண்றது? எனக்கு நாத்து வேணும். பருவம் போவுது."

வடிவம்மை கீழே இறங்கினார்.

"நாயகம், உங்கள் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. இவர் கேட்பதற்குத் தெரியும். மடத்து நாற்று பறிக்கிற பதத்தில் இருக்கிறது. அதைப் பறித்துக் கொண்டுபோய் இவர் வயலில் நடுங்கள். நமக்கு வேண்டியதைப் பிறகு விதைத்துக்கொள்ளலாம்."

"நான் தனியாகவே செய்கிறேன்," என்றார் தில்லைநாயகம்.

"நீங்கள் மட்டும் எதற்கு? மாலை போட்ட எல்லோரும் போங்கள்."

"அம்மா, நாங்கள் அறியாமல்தான்..." என்று இழுத்தார் சபாபதி.

"நாற்று தோற்றம்தானே, சபாபதி. நடுவதற்குக் கனமாக இருக்காது."

மறுநாள் மடமே காத்தாயியின் வயலில் குனிந்து நின்றது. வடிவம்மையும் முழங்கால் சேற்றில் நின்றார். யாருக்கும் வரிசை நேராக வரவில்லை.

காத்தாயி வரப்பில் நடந்துகொண்டே பேசினாள். "சாமி, நாத்த புஸ்தகத்துல அடையாளம் வைக்கிறாப்புல வைக்காதீங்க. மூடினா விழுந்துரும். உள்ள ஊனுங்க. அந்தச் சாமி நட்டத நிமுந்து ஒருதரம் பாருங்க, பாம்பு போன தடமாட்டம் இருக்கு. என் மாமியாக்காரி பாத்திருந்தா இந்நேரம் உசுரே போயிருக்கும், அவ புண்ணியவதி, முன்னாடியே போயிட்டா."

தில்லைநாயகம் மட்டும் நிமிரவில்லை. கைநிறைய நாற்றும் தாழ்ந்த தலையுமாகப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தார். பிறகு கரையேறிக் கஞ்சி குடித்தார். மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு வடிவம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நட்டுவிட்டேன். கேள்வி அப்படியே இருக்கிறது," என்றார்.

"நானும் ஒன்று கேட்கிறேன். அது வரும்போது முதலில் என்ன ஆகும்?"

தில்லைநாயகம் யோசித்தார்.

"எல்லோரும் மெதுவாகப் பேசுவது போல இருக்கும்."

"மெதுவாக என்றால்?"

"ஒருவர் வாயைத் திறந்ததுமே அவர் சொல்லப்போவது எனக்குத் தெரிந்துவிடும். அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பது பெரிய தண்டனையாக இருக்கும். உலகத்துக்கே கால் வீங்கிவிட்டது போல."

"அப்போது உங்களுக்குத் தெரியுமா, இது நோய் என்று?"

அவர் வரப்பில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் சுரண்டினார்.

"தெரியும். கொஞ்ச நேரத்துக்குத் தெரியும். ஒரு பகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் தெரியாது. அதற்கப்புறம் நான் சொல்வதெல்லாம் எனக்கு உண்மையாகவே இருக்கும்."

"அந்தப் பகலில் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"நன்றாக இருந்தது, அம்மா."

வடிவம்மை கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தார்.

"அவ்வளவு நன்றாக வேறு எதுவும் இருந்ததில்லை. அதனால்தான் மாத்திரையையும் விட்டேன். மாத்திரை போட்டால் போய்விடுமே என்று."

"ம்," என்றார் வடிவம்மை. எழுந்து போய், வரப்போரத்தில் துணி சுற்றி வைத்திருந்த மதகுச் சாவியை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தார்.

தில்லைநாயகம் நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம். என்னை நம்பாதீர்கள்."

"நான் உங்களை முழுக்க நம்பவில்லை. அந்த ஒரு பகலை நம்புகிறேன்."

"அம்மா..."

"அன்றைக்குச் சாவியை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள்? அதை இன்றைக்கே சொல்லுங்கள். உங்கள் தலை தெளிவாக இருக்கும்போது நீங்களே சொல்லுங்கள்."

தில்லைநாயகம் சுற்றிலும் பார்த்தார். வடிவம்மை பாதி நாள் வெளியூரில் இருப்பவர். சபாபதி கஞ்சிக் கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலிருப்பவருக்குக் கஞ்சியின் தத்துவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் கொடுத்தால் மறுபடி மாலைதான் வரும். வயல் நடுவில் காத்தாயி சாய்ந்த நாற்றுகளைப் பிடுங்கித் திரும்ப நட்டுக்கொண்டு, நட்டவர்களின் பரம்பரையையே விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"அவரிடம்," என்றார் காத்தாயியைக் காட்டி.

சபாபதிக்குக் காது நல்ல காது. கலயத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"மடம் தோன்றிய நாளிலிருந்து இந்தச் சாவி மடத்தை விட்டு வெளியே போனதில்லை."

"தண்ணீர் போயிருக்கிறது," என்றார் வடிவம்மை.

காத்தாயியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எங்கிட்டயா? உங்கமேல கோவம் இல்லாம இல்ல சாமி, இன்னும் இருக்கு, அது இருக்கட்டும். ஆனா அந்த நேரம் வந்தா எல்லாரும் மெதுவாப் பேசற மாதிரி இருக்குங்கிறீங்க, அப்படின்னா எங்கிட்ட குடுக்கறதுதான் சரி. எம்பேச்சு இந்த ஊர்ல எவனுக்கும் மெதுவாத் தெரிஞ்சதில்ல. எங்க வீட்டுக்காரரு கட்டிக்கிட்ட நாள்லருந்து பாதிதான் புரிஞ்சிருக்குன்றாரு, அந்தப் பாதியிலயே மனுசன் இளச்சிட்டாரு. தெனம் காலைல மடத்துக்கு வாரேன். நின்னு பேசறேன். என்னைக்கு எம்பேச்சு உங்களுக்கு மெதுவாத் தெரியுதோ அன்னைக்கு சாவியக் கொண்டாந்து போட்டுரணும். சரியா?"

"சரி," என்றார் தில்லைநாயகம். அவர் அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தார்.

அப்படியே நடந்தது. காலையில் தில்லைநாயகம் கஞ்சி குடித்து மாத்திரை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். காத்தாயி வருவாள். எருமையைப் பற்றி, கொழுந்தனாரைப் பற்றி, ரேஷன் கடையில் நடந்த சண்டையைப் பற்றிப் பேசுவாள். முடிந்ததும், "எப்படி சாமி?" என்பாள்.

"வேகம்தான், அக்கா."

"அப்ப சரி." போய்விடுவாள்.

இதை ஒரு வழிபாட்டு முறையாகப் பதிவு செய்யலாமா என்று சபாபதி கேட்டார். வடிவம்மை அவரை ஏணி பிடிக்கச் சொன்னார்.

அந்த அறுவடை முடிந்தது. அடுத்த மழை வந்து ஏரி நிறைந்தது. மறுபடி நாற்றங்கால் பச்சை கட்டியது.

ஒரு நாள் காலை காத்தாயி வந்து, கொழுந்தனாரைப் பற்றி ஆரம்பித்தாள். தில்லைநாயகம் மாத்திரை போட்டுக்கொண்டுதான் நின்றார். ஒருவேளையும் தவறவிட்டதில்லை. ஆனால் காத்தாயியின் சொற்கள் மழை விட்ட பிறகு ஓட்டு நுனியிலிருந்து சொட்டுவது போல ஒவ்வொன்றாக விழுந்தன. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் அவர் ஏரியைச் சுற்றிவந்துவிடலாம் போலிருந்தது. கொழுந்தனார் என்ன சொன்னார், அவள் என்ன திருப்பிச் சொன்னாள், கடைசியில் யார் அழுதது, எல்லாம் அவருக்கு முன்பே தெரிந்தன. வெயில் அழகாக இருந்தது. எருமைகூட அழகாக இருந்தது.

"எப்படி சாமி?"

"வேகம்தான், அக்கா," என்றார்.

"அப்ப சரி." அவள் போனாள்.

தில்லைநாயகம் சாவியை எடுத்துக்கொண்டு மதகுக்கு நடந்தார். அன்றைக்கு யாருக்கும் முறை இல்லை. வழியில் ஒரு பாட்டின் முதல் அடி வந்தது. இதுவரை வந்ததிலேயே நல்ல அடி. எதிரே வந்த சபாபதி அந்த முகத்தைப் பார்த்தார். கைகள் தாமாகக் குவிந்தன. பிறகு ஏதோ நினைவு வந்து, குவிந்த கையைப் பிரித்துக் காதைச் சொறிந்துகொண்டார். ஒரு மாதிரி பயந்துபோய் மடத்தை நோக்கி வேகமாக நடந்தார்.

மதகுமேல் ஏறித் திருகில் சாவியை மாட்டினார் தில்லைநாயகம். கீழே காத்தாயியின் நாற்றங்கால் தெரிந்தது. பாட்டின் இரண்டாம் அடி வந்தது. அதுவும் நன்றாக இருந்தது. இது அந்தப் பகல் என்று அவருக்குத் தெரிந்தது. சாயங்காலம் தெரியாது என்பதும் தெரிந்தது.

கை பிடிமேலேயே இருந்தது. நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. மூன்றாம் அடி வருவதற்குள் சாவியைக் கழற்றினார்.

காத்தாயி வீட்டு வாசலில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். தில்லைநாயகம் வந்து சாவியை அவள் காலடியில் வைத்தார். வைத்தவர் கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்தார்.

"காலையில் பொய் சொன்னேன். நீங்கள் ரொம்ப மெதுவாகப் பேசுகிறீர்கள், அக்கா."

காத்தாயி கையிலிருந்த தழையைக் கீழே போட்டாள். சாவியை எடுத்து உள்ளே நெற்குதிருக்குள் போட்டு மூடினாள். வெளியே வந்து, "வாங்க சாமி. தாயியையும் கூட்டிக்கிட்டு பஸ்ஸுக்குப் போவோம்," என்றாள். ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னாள்.

நோய் அதற்காகத் திரும்பிப் போய்விடவில்லை. பஸ் வருவதற்குள்ளேயே முற்றிவிட்டது. சாவியைக் கொடு என்று கத்தினார். தடுக்க வந்த சபாபதியை, நீ படித்ததெல்லாம் கரையான் தின்ன வேண்டியது, கரையானாவது செரித்திருக்கும் என்று ஏசினார். கையில் கிடைத்த செம்பை எறிந்தார். அது மடத்துச் சுவரில் பட்டு நசுங்கியது. வடிவம்மையும் காத்தாயியும் இருபுறமும் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் காத்தாயி முறை தவறாமல் மதகு திறந்து மூடினாள். ஊரில் ஒரு நாற்றும் சாயவில்லை.

திரும்பி வந்ததும் தில்லைநாயகம் முதலில் சபாபதியிடம் போனார். நசுங்கிய செம்பைத் தட்டி நிமிர்த்திக் கொண்டுபோயிருந்தார்.

"நான் சொன்னதை மன்னிக்க வேண்டும்."

"மன்னித்துவிட்டேன். அந்தக் கரையான் விஷயத்தைத்தான் மறக்க முடியவில்லை," என்றார் சபாபதி. "கொஞ்சம் உண்மையாகவும் இருக்கிறது."

பிறகு தில்லைநாயகம் ஏணியிடம் போனார். வடிவம்மை மேலே நின்று, மழைக்கு நகர்ந்த ஓடுகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். யாரும் சொல்லாமலே அவர் ஓடுகளை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்.

"அம்மா, சபாபதியை ஏசியது நானா, நோயா?"

"தெரியாது."

"செம்பை எறிந்தது?"

"அதுவும் தெரியாது. டாக்டரிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் மாத்திரையின் அளவைத்தான் மாற்றிக் கொடுத்தார்."

"மாத்திரை போட்டும் வந்ததே, அம்மா. பாட்டும் வந்தது, பொய்யும் வந்தது. உங்களுக்கே தெரியாது என்றால், இதில் நான் எது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

வடிவம்மை ஓட்டை அதன் இடத்தில் பொருத்தினார். அசைகிறதா என்று தட்டிப் பார்த்தார். பிறகு அடுத்த ஓட்டுக்காகக் கையைக் கீழே நீட்டினார்.

"காத்தாயி வீட்டுக்குச் சாவியைக் கொண்டுபோனது யார்?" என்றார்.

நீட்டிய கை வெகுநேரம் காத்திருந்தது.